கேட் கீப்பர் தலையில் மட்டும் பழியா?

2025 ஜூலை 8-ந் தேதி, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். கேட் கீப்பர் கைதானார். அத்தோடு கணக்குத் தீர்ந்ததா?

தோழர்களே! அந்தக் கேட்டுக்குச் சிக்னல் இணைப்பு இல்லை. இணைப்பு இருந்தால், கேட்டை மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. இல்லாவிட்டால், டெலிபோன் பேச்சை நம்பித்தான் எல்லோர் உயிரும்!

போக்குவரத்துக் கணக்கு 20,000 இருந்தால்தான் இணைப்பு என்றிருந்தார்கள். பிள்ளைகள் செத்த பிறகு அதை 10,000 ஆக்கினார்கள். உயிருக்குமா வரம்பு?

நெல்லையிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் வழியே தென்காசிக்கு ரயில் ஓடுகிறது. மில்லுக்கும் வயலுக்கும் பஸ்ஸில் போகும் நாமும் கேட்டைத் தாண்டுகிறவர்களே. தவறியவர் பதில் சொல்லட்டும். ஆனால் ஒருவர் தவறினாலும் ரயிலை நிறுத்தும் இணைப்பு எல்லாக் கேட்டிலும் வேண்டும். இன்னொரு சாவுக்குப் பிறகல்ல, இப்போதே!