லேசான டயரும் வேலிகாத்தான் முள்ளும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு சைக்கிள் பதிவு. சைக்கிள்னாலே அலர்ஜி உள்ளவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

காஞ்சிபுரத்துல ஞாயித்துக்கிழமை காலையில பாலாத்துப் பக்கமோ ஏரிக்கரை மேலயோ போனா, மவுண்டன் பைக் ஓட்டுற பசங்க நாலு பேராவது கண்ணுல படுறாங்க. அதுல ஒண்ணு ரெண்டு பேருக்கு கிராஸ் கன்ட்ரி ரேஸ் ஓடுற ஆசையும் வந்துடுச்சு. சந்தோஷம். ஆனா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "அண்ணே, இருக்கிறதுலயே லேசான டயர் எது?"

இந்தக் கேள்வியே தப்புங்கிறது என்னோட கட்சி. ஏன்னு சொல்றேன்.

எங்க கூட ஓட்டுற ஒரு தம்பி, நெசவுக் குடும்பத்துப் பையன். காசு சேர்த்து, கிராம் கணக்குப் பாத்து ஒரு ஜோடி வெளிநாட்டு டயர் வாங்கினான். காகிதம் மாதிரி சைடுவால். முதல் ரேஸ், ரெண்டாவது சுத்து, பின் டயர்ல முள்ளு. மீதி தூரம் சைக்கிளை உருட்டிக்கிட்டே வந்தான். கால்ல தெம்பு இல்லாம தோத்திருந்தா பரவாயில்லை. அவன் தோத்தது கேட்லாக்ல இருந்த ஒரு நம்பரால.

சரி, மேட்டருக்கு வருவோம். பொட்டி தட்டுறவன் புத்தி, கணக்குப் போடாம விடாது.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 87 கிலோன்னு வெச்சுக்குவோம். லேசான டயருக்கும் கொஞ்சம் கனமான டயருக்கும் ஜோடிக்கு 250 கிராம் வித்தியாசம். மேட்டுல ஏறும்போது இது மொத்த எடையில 0.3 சதவீதம் கூட இல்லை. பத்து நிமிஷ ஏத்தத்துல ரெண்டு செகண்ட் மிச்சமாகும், அவ்வளவுதான். "சுத்துற எடையாச்சே, அது டபுளா கணக்காகுமே"ன்னு ஒருத்தர் கைதூக்குவார். உண்மைதான், ஆனா அது வேகம் கூட்டும்போது மட்டும்தான். மணிக்கு 10 கிலோமீட்டர்ல இருந்து 20க்குப் போக மொத்தமா ஏறக்குறைய 1000 ஜூல் வேணும். அதுல இந்த 250 கிராமோட பங்கு 6 ஜூல்.

அதே டயரோட உருளும் தடை 0.005 குறைஞ்சா? 20 கிலோமீட்டர் வேகத்துல 24 வாட் மிச்சம்! புதுசா ரேஸ் ஓடுறவனுக்கு இது பெரிய தொகை. ஆக, எடை சில்லறை, உருளுறது நோட்டு.

இந்த உருளும் தடை கரடுமுரடான தரையில காத்தழுத்தத்தைப் பொறுத்தது. கல்லுன்னு இறுக்கி அடிச்சா, ஒவ்வொரு கல்லு மேலயும் உங்க மொத்த உடம்பும் தூக்கித் தூக்கிப் போடப்படும். அந்த சக்தி எல்லாம் வீண். காத்தைக் குறைச்சா டயர் கல்லை முழுங்கிட்டுப் போகும். ஆனா உள்ள டியூப் இருந்தா, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல அது நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். அதனாலதான் டியூப்லெஸ். மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் சேர்ந்து 1999ல யுஎஸ்டி முறையைக் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு எழுபது கிலோ ஆளு, 2.25 அங்குல டயர்ல 20-25 பிஎஸ்ஐ வெச்சு தாராளமா ஓட்டலாம். முன்னாடி 1.95 அங்குலத்துல ஓடின உலக ரேஸர்கள் இப்போ 2.4க்குப் போயிருக்காங்க. டயர் கனமாச்சு, ஆனா வேகம் குறையலை.

அடுத்து டிபிஐ. அங்குலத்துக்கு எத்தனை இழைங்கிற கணக்கு. இதை நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பாவு போடுறவங்களைக் கேட்டாலே சொல்லிடுவாங்க. இழை மெலிசானா துணி மெலிசாகும், வளையும், லேசாகும், சீக்கிரம் கிழியும். டயர்லயும் அதே கதைதான். 120 டிபிஐ நல்லா வளைஞ்சு கொடுத்து வேகமா உருளும், ஆனா சைடுவாலுக்குத் தனியா ஒரு காப்புத் துணி இல்லைன்னா வெட்டு வாங்கும். அப்புறம் இதுல ஒரு உள்குத்தும் இருக்கு: கான்டினென்டல் போடுற 180 டிபிஐங்கிறது 60 இழை மூணு அடுக்கு. மத்த பல கம்பெனிகள் ஒரு அடுக்கை மட்டும் சொல்றாங்க. நம்பரை மட்டும் பாத்து வாங்கினா ஏமாறுவீங்க.

இப்போ முள்ளுக்கு வருவோம். ஐரோப்பாக்காரன் டயரை சோதிக்கிறது ஈரக் காட்டுலயும் மர வேர்லயும். நம்ம ஏரிக்கரையில இருக்கிறது வேலிகாத்தான், அதாங்க சீமைக்கருவேலம். கீழ குனிஞ்சா நெருஞ்சி. நெருஞ்சிக்கு அமெரிக்காவுல ஒரு பேரு 'பஞ்சர் கொடி'ன்னா பாத்துக்கோங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல டாம் பிட்காக்குக்கு முன் டயர் பஞ்சர். டெக் ஸோன்ல சக்கரம் மாத்திக்கிட்டார். அரை நிமிஷத்துக்கு மேல பின்தங்கியும், துரத்திப் பிடிச்சு தங்கம் வாங்கினார். நமக்கு யாரு சக்கரத்தோட நிக்கிறா? நாமளே டயரைக் கழட்டி டியூப் போட அஞ்சு நிமிஷம், அதாவது 300 செகண்ட். ஒன்றரை மணி நேர ரேஸ்ல பாதி ஏத்தம்னு வெச்சாலும் லேசான டயர் தர்ற லாபம் எட்டு செகண்ட். ஒரே ஒரு பஞ்சரோட நஷ்டத்தை ஈடுகட்ட முப்பத்தெட்டு ரேஸ் ஓடணும் சாமி.

அதனால என் சிபாரிசு இதான். 29 அங்குல சக்கரத்துக்கு, சைடுவால் காப்பு உள்ள, 700-750 கிராம் டயரா பாருங்க. டியூபைத் தூக்கிட்டு 80 மில்லி சீலன்ட் ஊத்துங்க. 620 கிராம் டயரும் 200 கிராம் டியூபும் சேர்ந்தா 820. 740 கிராம் டயரும் 80 கிராம் சீலன்டும் சேர்ந்தாலும் 820! அதே எடையில முள்ளு பயம் பாதிக்கு மேல போயிடும். முன்னாடி பிடிப்பு ஜாஸ்தியா உள்ள டயர், பின்னாடி குமிழ் சின்னதா வேகமா உருளுற டயர். நம்ம வெயில்ல சீலன்ட் சீக்கிரம் காயும், மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. கூடவே பையில ஒரு பிளக், ஒரு டியூப்.

நம்ம ஊர்ல பட்டு எடுக்க வர்ற பாட்டிங்க முதல்ல சேலையைக் கையில வாங்கி கனம் பாப்பாங்க. லேசா இருந்தா மூஞ்சி சுருங்கும். நம்ம சைக்கிள் பசங்க நேரெதிர், கனமா இருந்தா மூஞ்சி சுருங்குது. ஆனா பாட்டி கனத்தோட நிறுத்த மாட்டாங்க. பிரிச்சு, உதறி, முந்தி சேர்ற இடத்தைத் தடவிப் பாத்துட்டுத்தான் விலையே கேப்பாங்க. டயருக்கும் அப்படி ஒரு தடவை சைடுவாலைத் தடவிப் பாருங்கப்பா.

"இல்லை, லேசு டயர்தான் ஜெயிக்கும்"னு சொல்றவங்க பின்னூட்டத்துல கும்மலாம். ஆனா ஒரு கண்டிஷன், கணக்கோட வாங்க :-)