ஈசாக்கின் கிணறும் கொடியங்குளத்துக் கிணறும்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் நடந்த விவிலிய வட்டத்தில் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தோம். அன்றைய பகுதி தொடக்க நூலின் இருபத்தாறாம் அதிகாரம். ஈசாக்கு கெரார் நாட்டில் விதைத்தான். நூறு மடங்கு அறுத்தான். ஆடும் மாடும் ஆளும் பெருகின. அவன் வளம் கண்டு மனம் வெந்த பெலிஸ்தியர், அவன் தந்தை ஆபிரகாமின் பணியாளர் தோண்டிய கிணறுகளை எல்லாம் மண்ணிட்டுத் தூர்த்தனர். வாசித்து முடித்ததும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "நம்ம கொடியங்குளத்துக் கிணறு மாதிரி" என்றார். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஐயா, அது அரசியல். இங்கே வேதம் மட்டும் பேசுவோம்." பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வழிநடத்தியவர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நாமும் அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், அன்று சொல்லாததை இங்கே சொல்கிறோம்.

முதலில், பெரியவர் சொன்ன கிணறு எது என்பதை இளைய வாசகர்க்குச் சொல்லியாக வேண்டும். 2021இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தைப் பார்த்த பலர் கொடியங்குளத்தைப் பற்றிப் பேசினர். ஆனால் திரையில் கண்டதும் ஊரில் நடந்ததும் ஒன்றல்ல. 1995 ஆகஸ்ட் 31. தென்மாவட்டங்கள் சாதி மோதல்களால் பற்றி எரிந்த ஆண்டு அது. ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 காவலர் புகுந்தனர். ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டுமே வாழும் ஊர். ஆனால் கஞ்சிக்கு வழியற்ற ஊர் அல்ல. பிள்ளைகள் படித்திருந்தனர். வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்தவர்கள் அனுப்பிய பணத்தில் சில வீடுகள் நிமிர்ந்திருந்தன. அந்த நிமிர்வின் மீதுதான் அடி விழுந்தது. தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், பாத்திரம் பண்டம் எல்லாம் நொறுங்கின. சேர்த்து வைத்த தானியம் பாழாயிற்று. கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் கூடத் தப்பவில்லை. ஊர் குடிக்கும் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள். பின்னர் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. அடுத்த தேர்தலில் ஓட்டப்பிடாரம் தொகுதியின் முடிவையே அந்த நாள் மாற்றியது. அவை அரசியல் வரலாறு, வேறிடத்தில் எழுதப்பட்டுள்ளன. நமக்கு இங்கே வேண்டியது அந்தக் கிணறு.

வளம் கண்டு பொறாமை. பொறாமையால் கிணற்றின் மேல் கை. பெரியவர் எதையும் வலிந்து பொருத்தவில்லை. மூன்றாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கதைக்கும் நம் வட்டத்துக் கதைக்கும் இடையே அவர் கண்ட ஒற்றுமை, படித்த நம்மில் பலருக்குப் புலப்படவில்லை. வறண்ட மண்ணில் வாழ்பவனுக்குத்தான் கிணற்றுக் கதை புரியும். ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காட்டில், ஒரு கிணற்றைக் கெடுப்பது என்பது பொருட்சேதக் கணக்கில் ஒரு வரி அல்ல. ஊரையே எழுந்து போ என்று சொல்வதாகும்.

இனி, யூதர் தம் வேதத்தை எப்படி வாசித்தனர் என்று பாருங்கள். இணைச்சட்ட நூலின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு சிறு விதி உண்டு: போரில் ஒரு நகரை முற்றுகையிடும்போது கூட அதன் கனிமரங்களை வெட்டலாகாது. மரத்தைப் பற்றியது, போர்க்காலத்துக்கானது, அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடலாம். யூத அறிஞர்கள் ஒதுக்கவில்லை. பகைவனின் மரத்துக்கே இந்தக் காப்பு என்றால், சமாதான காலத்தில் மனிதர் வாழ உதவும் பிற பொருள்களுக்கு எவ்வளவு என்று கேட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடசு தம் சட்டத் தொகுப்பில் அந்த விதியை விரித்து எழுதினார்: அழிக்கும் நோக்கோடு பாத்திரத்தை உடைப்பவனும், துணியைக் கிழிப்பவனும், கட்டடத்தை இடிப்பவனும், நீரூற்றை அடைப்பவனும், உணவைப் பாழாக்குபவனும் இவ்விதியை மீறுகிறான் என்று.

பாத்திரம், வீடு, நீர், உணவு. எகிப்து நாட்டில் இருந்து எழுதிய யூத மருத்துவர் ஒருவர், எட்டு நூற்றாண்டுக்கு முன்பே கொடியங்குளத்தின் குற்றப்பத்திரிகையை எழுதிவிட்டாரோ என்று தோன்றுகிறது. நம் ஊரில் விவிலிய வட்டம் நடத்துகிறவர்களுக்கோ அது 'அரசியல்'.

நம்மிடையே ஒரு சாரார் சொல்லும் மறுப்புகளை நாம் அறிவோம். பழைய ஏற்பாடு யூதருக்கானது. கிறிஸ்து வந்தபின் அச்சட்டம் முடிந்தது. அங்கே கோபத்தின் கடவுள், இங்கே அன்பின் கடவுள் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே சொல்லி, எபிரேய நூல்களை அடியோடு தள்ளிவிடச் சொன்னார். திருச்சபை நூல்களை வைத்துக்கொண்டு மார்சியோனை வெளியேற்றியது. இன்று நம் கோவில்களில் நூல் பீடத்தில் இருக்கிறது. மார்சியோன் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் 'இறை வெளிப்பாடு' ஏட்டில் பழைய ஏற்பாட்டு நூல்களின் மதிப்பு நிலையானது என்று அறிவித்தது. அதன் பயனாக ஞாயிறுதோறும் முதல் வாசகம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. நாமோ அந்த வாசகம் முடியும்வரை இருமிக்கொண்டும் விசிறிக்கொண்டும் இருந்துவிட்டு நற்செய்திக்கு எழுந்து நிற்கிறோம்.

அன்பின் கடவுள் என்கிறார்களே, பிறரை உன்னைப்போல் நேசி என்னும் கட்டளையை ஆண்டவர் எங்கிருந்து எடுத்தார்? லேவியர் நூல், பத்தொன்பதாம் அதிகாரம். அதே அதிகாரத்தைச் சற்று முன்னும் பின்னும் புரட்டுங்கள். வயலின் ஓரத்தை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவை. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே. எடையும் படியும் நேராக இருக்கட்டும். இவற்றின் நடுவில்தான் அந்த அன்புக் கட்டளை நிற்கிறது. களத்துமேட்டிலும் கடைத்தராசிலும் பிறந்த அன்பை நாம் பிடுங்கிவந்து சுவர்ப்படத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டோம். மிளகாய் பறித்த பெண்ணுக்குக் கூலியை 'சந்தைக்குப் போய் வந்து தருகிறேன்' என்று இழுக்கிறவர், அந்தப் படத்தின் கீழேயே மாலையில் செபமாலை சொல்வதில் முரண் ஏதும் அவருக்குத் தெரிவதில்லை. நூறு நாள் வேலைக்கென 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது. இணைச்சட்டமோ சூரியன் மறையுமுன் என்கிறது. எது நடைமுறைக்கு ஒவ்வாத பழஞ்சட்டம் என்பதைப் பறித்த கையிடம் கேட்க வேண்டும்.

ஓட்டப்பிடாரம் என்றதும் தமிழ்நாடு நினைப்பது வ.உ. சிதம்பரனாரை. 1872 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்தவர். கப்பல் ஓட்டியதை எல்லாரும் சொல்வர். நாம் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறோம். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களை ஒன்றுதிரட்டியவர் அவர். கூலி உயர்வோடு, வாரத்தில் ஒருநாள் ஓய்வும் அவர்கள் கோரிக்கை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் நிர்வாகம் இறங்கிவந்து, கூலியை உயர்த்தவும் நேரத்தைக் குறைக்கவும் ஞாயிறு விடுமுறை தரவும் இசைந்தது. மார்ச் 12ஆம் நாள் அவர் கைதானார்.

இதில் உறைக்க வேண்டியது எது? ஆலையை நடத்தியவர்கள் கிறிஸ்தவ நாடு என்று தன்னை அழைத்துக்கொண்ட நாட்டினர். ஓய்வுநாள் கட்டளையைக் குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்த சமுதாயத்தினர். அவர்கள் ஆலையில் தொழிலாளிக்கு ஞாயிறு கிடைக்க, விவிலியம் தமக்கு வேதமல்லாத ஓட்டப்பிடாரத்து வழக்கறிஞர் ஒருவர் போராட வேண்டியிருந்தது. விடுதலைப் பயண நூல் ஓய்வுநாளுக்குக் காரணமாகக் கடவுளின் படைப்பைச் சொல்கிறது. இணைச்சட்டம் வேறொரு காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும். நாம் மறைக்கல்வியில் படித்த கட்டளையில் முன்னது உண்டு, பின்னது இல்லை. ஞாயிறு திருப்பலிக்குப் போகாதது பாவம் என்று கேட்டு வளர்ந்தோம். வீட்டு வேலைக்காரிக்கு வாரத்தில் ஒருநாள் தராதது பாவம் என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அதே நூல்களில் அடிமை முறைக்கு இடமுண்டு. கானானியரை அழிக்கும் கட்டளை உண்டு. வேற்றினத்தாரை அடிமையாக வாங்கலாம் என்கிற வசனம், யூபிலி ஆண்டு விடுதலையைச் சொல்லும் அதே லேவியர் இருபத்தைந்தில் இருக்கிறது. ஆமோசை மட்டும் உருவியெடுத்து மேடையில் முழங்கும் நம் நண்பர்கள் இந்தப் பக்கங்களைக் கண்டும் காணாமல் போகிறார்கள். வசனத்தை எடுத்து அப்படியே இன்றைக்கு ஒட்டுவதல்ல வழி. அப்படியானால் எது ஒட்டும், எது ஒட்டாது என்று யார் சொல்வது?

யூதரிடமே கற்கலாம். ஏழாம் ஆண்டில் கடன்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது இணைச்சட்டம். அந்த ஆண்டு நெருங்கநெருங்க, பணம் உள்ளவர் ஏழைக்குக் கடன் தருவதையே நிறுத்திவிட்டனர். ஆண்டவருக்குச் சற்று முற்பட்டவரான இல்லேல் என்னும் ஆசிரியர், கடன் பத்திரங்களை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் ஒரு முறையை வகுத்தார். ஏட்டில் உள்ளபடி பார்த்தால் அவர் சட்டத்தைச் சுற்றிப் போனார். ஆனால் ஏழைக்குக் கடன் கிடைத்தது. ஏழை பிழைக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர் என்று கண்டு, அந்த உயிரைக் காக்க அவர் எழுத்தை வளைத்தார். அடிமைத்தனத்தை அனுமதித்த வசனத்தையும் 'நீ அடிமையாய் இருந்தாய்' என்ற வசனத்தையும் அருகருகே வைத்து, எது எதற்குப் பணிய வேண்டும் என்று கேட்பதே வாசிப்பு. அதற்கு உழைப்பு வேண்டும். அது நமக்குச் சோம்பலாயிருக்கிறது. ஆகவே 'அரசியல்' என்று சொல்லிக் கதவடைத்துவிடுகிறோம்.

கந்துவட்டிக்கு வருவோம். நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்துப் பிள்ளைகளையும் அடிமைப்படுத்திவிட்டதாக மக்கள் கதறுகிறார்கள். நெகேமியா ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. தலைவர்களைச் சபையில் நிறுத்தி, வட்டியையும் நிலத்தையும் அன்றே திருப்பிக் கொடுக்க ஆணையிட்டு வாங்கித் தந்தார். கரிசல் பூமிக்கு இது அந்நியக் கதையா? கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் முன்பணத்துக்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வீடுகள் எத்தனை! தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாயிலில் கடன் தொல்லையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. வட்டிக்கு விடுவோர் நம் பங்குகளில் இல்லையா? திருவிழாக் கொடிமரத்துக்கு நன்கொடை தந்தவர் பெயர்ப் பலகையை வாசிக்கும்போது, இந்தப் பணம் எந்த வயலின் அடமானம் என்று நாம் கேட்டதுண்டா?

எல்லாவற்றிலும் கடினமானது நம் சொந்த வீடு. 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே பங்கின் கத்தோலிக்கர் சாதியின் பேரால் மோதி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு உண்டென ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை வரவேற்கிறோம். ஆனால் நடுச்சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தேர் நுழையாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. காவலர் கிணற்றைக் கெடுத்தது கொடுமை என்று எழுத நமக்குத் தயக்கமில்லை. இறந்தவனின் மண்ணையும் பிரித்துவைத்திருக்கும் நாம் அதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும். அந்த விவிலிய வட்டத்து முன்வரிசைக் குரல் அஞ்சியது அரசியலுக்கு அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு கல்லறைக்கு வந்துசேரும் என்று அது அறிந்திருந்தது.

கொடியங்குளம் நிகழ்ந்த அதே 1995இல்தான் நம் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உழைத்த அரிய பணி. தொடக்க நூல் இருபத்தாறு அதில் நல்ல தமிழில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2025ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம், திருப்பயணங்கள் போனோம், புனிதக் கதவுகள் வழியே நுழைந்தோம். யூபிலி என்ற சொல்லே லேவியர் இருபத்தைந்திலிருந்து வந்தது என்பதும், அங்கே அது நிலம் திரும்புவதையும் அடிமை வீடு திரும்புவதையும் குறித்தது என்பதும் எத்தனை பங்குகளில் சொல்லப்பட்டன?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 ஞாயிறாகவே வந்தது. கொடியங்குளத்தின் முப்பதாம் ஆண்டு. அன்றைய நற்செய்தி, ஓய்வுநாளன்று நடந்த விருந்தில் முதலிடம் தேடியவர்களைப் பற்றியும், ஏழைகளை அழைக்க வேண்டியதைப் பற்றியும் பேசியது. மறையுரை தாழ்ச்சியைப் பற்றியது, நன்றாகவே இருந்தது. பின்னர் மன்றாட்டுகள். திருத்தந்தைக்காக, மழைக்காக, நோயுற்றோருக்காக, இறந்தோருக்காக. நாம் இருந்த கோவிலிலிருந்து கொடியங்குளம் பேருந்தில் போகும் தூரம்தான். அதன் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.