நேரலையில் இல்லாத பந்தி

2020 மே 4. ஊரடங்கு நாள். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம், பக்தர்கள் ஒருவரும் இல்லாமல், சிவாச்சாரியார்கள் சிலர் மட்டும் நிற்க நடந்து முடிந்தது. மதுரைப் பெண்கள் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னால் உட்கார்ந்து, அம்மனுக்குத் திருமாங்கல்யம் பூட்டிய நேரத்தில் தங்கள் தாலிச் சரட்டை மாற்றிக்கொண்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார். மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அவர் அழுதார். அந்த நேரலை அன்று எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வரம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நான் மறுப்பது, அதற்குப் பிறகு வேர்விட்ட ஒரு பேச்சை. "இனி எதற்கு அலைய வேண்டும்? வீட்டிலிருந்தே கும்பிட்டால் போதும். கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, எல்லாம் கைக்குள்ளேயே வந்துவிட்டது" என்று படித்தவர்களும் பக்தர்களுமே சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் ஆறு. ஆறுக்கும் பதில் இருக்கிறது.

முதல் வாதம்: "இறைவன் எங்கும் இருக்கிறான்."

இருக்கிறான். அதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரர் எங்கும் இருப்பதில்லை. அவர் ஓரிடத்தில்தான் இருப்பார். அவரைப் பார்க்க அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். கூடித் தொழுவது இறைவனைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட வழக்கமே இல்லை. அவன் முன்னால் நாம் ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்காக ஏற்பட்டது.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதை உறுதியாக நம்பும் மதங்களே கூட்டத்தையும் வலியுறுத்துகின்றன. யூதர்களின் கூட்டு வழிபாட்டில் பத்துப் பேர் சேராவிட்டால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. இஸ்லாத்தில் ஜும்ஆ எனும் வெள்ளித் தொழுகை என்றாலே ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை. தோளோடு தோள் ஒட்டி வரிசை நிற்க வேண்டும். 2020இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றி ஜும்ஆ தொழுவதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்கவில்லை; வீட்டில் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ 2002இலேயே, இணையத்தில் திருவருட்சாதனங்கள் கிடையாது என்று ஆவணமாக எழுதி வைத்துவிட்டது. 2020 ஏப்ரல் 17 அன்று, தன் காலைத் திருப்பலியே நேரலையில் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் திருப்பலியின் மறையுரையிலேயே எச்சரித்தார்: இக்கட்டுக் காலத்துக்கு இது சரி, ஆனால் மக்கள் இல்லாமல், அருட்சாதனம் இல்லாமல், திரை வழியாக மட்டும் வாழ்வது திருச்சபை ஆகாது என்று. நேரலையால் கோடிப் பேரை எட்டியவர் சொன்ன வார்த்தை என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

இரண்டாம் வாதம்: "திரையில் இன்னும் நன்றாகவே தெரிகிறது."

தெரிகிறது. நெரிசலில் நின்றவருக்குக் கிடைக்காத நெருக்கத்தைக் கேமரா கொடுக்கிறது. ஆனால் இந்த வாதம், வழிபாடு என்றால் பார்ப்பது மட்டும்தான் என்று வைத்துக்கொள்கிறது. அங்கேதான் தவறு.

சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். கள்ளழகர் அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவுக்கு வழிநடந்து மதுரைக்கு வருகிறார். வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின், ஒரு தொழில் கூட்டத்தின் உரிமையும் பொறுப்பும். சீர்பாதந்தாங்கிகள் தோள் கொடுக்கிறார்கள். கருப்பசாமி வேடம் பூண்டவர்கள் துருத்தியில் நீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். பெண்கள் சர்க்கரை நிறைந்த செம்பின் மேல் சூடம் ஏற்றி நிற்கிறார்கள். ஊருக்குள் நுழையும் அழகரை மக்கள் முன்னே சென்று வரவேற்பதற்கு எதிர்சேவை என்று பெயர். எதிரில் போய் நிற்பதுதான் சேவை. இதில் பார்வையாளர் என்று தனியாக ஒரு ஆள் கிடையாது. பார்க்க வந்தவருக்கும் நீர்மோர்ப் பந்தலில் ஒரு வேலை இருக்கும்.

திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவு சேதுபதி பள்ளி வளாகத்துக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்யாண விருந்துக்குக் காய் நறுக்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பெண்களும் ஆண்களும் தாமாக வந்து உட்கார்கிறார்கள். அரிசி மூட்டை கொடுப்பவர் ஒருவர், காய்கறி கொடுப்பவர் ஒருவர், கொடுக்க எதுவும் இல்லாதவர் கையைக் கொடுக்கிறார். எதிரே உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்குபவர் எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் விடியும்போதுதான் தெரியவரும். மறுநாள் ஆயிரக்கணக்கானோர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அம்மனுக்கு மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். 2020 மே 4 அன்று நேரலையில் திருக்கல்யாணம் முழுமையாகத் தெரிந்தது. அந்தப் பந்தி மட்டும் இல்லை. முகூர்த்தம் குறையாமல் நடந்தது. கல்யாண வீடு இல்லை.

மூன்றாம் வாதம்: "நேரம் மிச்சம். எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்."

எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது, எல்லோரும் வெவ்வேறு நேரத்தில் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் முடியும். மதுரையின் வரலாறு இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் திருவிழாவோடு இணைத்தவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பது மதுரையின் பரவலான வழக்கு. அறுவடை முடிந்து குடியானவர்கள் கையில் நேரம் இருக்கும் மாதம் சித்திரை. சைவக் கோயிலின் விழாவும் வைணவக் கோயிலின் விழாவும், நகரமும் சுற்றுக் கிராமங்களும், ஒரே நாள்களில் ஒரே ஆற்றங்கரையில் சேர்ந்தன. மக்கள் கூட வேண்டும் என்பதற்காகத் தெய்வத்தின் நாளையே மாற்றிக்கொண்ட ஊர் இது. அந்த நாளை ஆளுக்கொரு நேரமாகப் பிரித்து எடுத்துக்கொண்டால் மிச்சமாவது நேரம், போவது திருவிழா.

நான்காம் வாதம்: "திரையில் சாதி இல்லை. எல்லோரும் சமம்."

ஆறு வாதங்களிலும் கனமானது இதுதான். கோயில் வாசலில் அவமானப்பட்டவர்கள் இதைச் சொன்னால் தலைகுனிந்து கேட்க வேண்டும். கூடி வழிபடும் இடங்கள் எல்லாம் அன்பின் கூடாரங்களாக இருந்ததில்லை. விலக்கி நிறுத்துவதும் அங்கேதான் நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஆனால் அந்த விலக்கு எப்படி உடைந்தது என்று பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தவரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் போன கால்கள் போனவைதான். அடுத்து சட்டம் வந்தது. அந்த நுழைவுக்கு எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகக் காலடி வைத்தார்கள், போலீஸ் பாதுகாப்போடு. பொங்கல் பானையோடும் மாலையோடும் வரிசையாக நடந்து உள்ளே போனார்கள்.

அந்த மக்களிடம் கைப்பேசி இல்லையா? இருந்தது. எந்த அம்மனையும் அவர்கள் திரையில் பார்த்திருக்க முடியும். அவர்கள் கேட்டது அம்மனின் படத்தை அல்ல, ஊரின் வாசலை. திரை தரும் சமத்துவத்துக்காக எந்த ஆதிக்கக்காரரும் ஓர் அங்குலம் விலகிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் அவர் கும்பிடுவார், இவர் வீட்டில் இவர் கும்பிடுவார். வாசல் பூட்டியே கிடக்கும். "நீங்களும் நேரலையில் பார்த்துக்கொள்ளலாமே" என்று ஒருநாள் ஒரு சேரியைப் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்பதே இந்த வாதத்தின் ஆபத்து.

ஐந்தாம் வாதம்: "முதியவர்கள், நோயாளிகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?"

படுக்கையில் இருப்பவருக்கு நேரலை ஓர் ஊன்றுகோல். அதை யாரும் பறிக்கக் கூடாது. வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ இனி ஒருபோதும் போக முடியாத ஒரு பாட்டி, கொடியேற்றத்தைத் திரையில் பார்த்துக் கைகூப்புவது முழுமையான பக்திதான்.

ஆனால் திரை வருவதற்கு முன்பே இவர்களை நம் மரபுகள் மறந்துவிடவில்லை. கோயிலுக்கு வர முடியாதவரைப் பார்க்க உற்சவரே தெருவுக்கு வருகிறார். நோயாளியின் வீட்டுக்கு நற்கருணை போகிறது. பக்கத்து வீட்டுப் பெண் திருநீற்றையும் குங்குமத்தையும் மடித்து எடுத்து வந்து நெற்றியில் இடுகிறார். இவற்றில் எல்லாம் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் வீட்டுப் படி ஏறுகிறார். "அவருக்குத்தான் லிங்க் அனுப்பிவிட்டோமே" என்று அந்தப் படி ஏறுவதை நிறுத்திவிட்டால், முதியவருக்குத் தரிசனம் கிடைக்கும்; பேச்சுத் துணை போய்விடும்.

வெளிநாட்டுத் தமிழர்களோ இந்த வாதத்துக்குத் தாங்களே பதில் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியின் ஹம் நகரில், பெரும்பாலும் அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்தினார்கள். ஆண்டுதோறும் அங்கே தேர் ஓடுகிறது. பாரிஸில் லா ஷப்பேல் தெருக்களில் மாணிக்க விநாயகர் தேர் போகிறது. தேங்காய்கள் மலையாகக் குவிந்து உடைகின்றன. அதிவேக இணையம் வீட்டுக்கு வீடு உள்ள நாடுகள் இவை. அங்கே இருப்பவர்கள் திரை போதும் என்று இருந்துவிடவில்லை; வடம் பிடித்து இழுக்கத் தேர் செய்துகொண்டார்கள். ஊரை இழந்தவர்களுக்குத்தான் ஊர் கூடுவதன் அருமை தெரியும்.

ஆறாம் வாதம்: "கூட்டம் ஆபத்து."

உண்மை. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் வைகையில் இறங்கியபோது, நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அவர்கள் வீடுகளுக்குப் போய் பக்தியின் பெருமை பேச எவருக்கும் தகுதி இல்லை.

ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் மக்கள் கூடியது என்று சொன்னால், பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மின்சாரத்தை நிறுத்தாதது காரணம். வழியை அகலப்படுத்தாதது, வெளியேறப் பாதை விடாதது, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிடாதது காரணம். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்தே ஆக வேண்டியவை. பள்ளிக்கூட வேன் கவிழ்ந்தால் வேனையும் சாலையையும் திருத்துகிறோம். பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவதில்லை.

ஆறு வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பிழைதான் எல்லாவற்றிலும் ஓடுகிறது. வழிபாட்டை, எனக்கும் இறைவனுக்கும் இடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலாக மட்டும் அவை சுருக்கிவிடுகின்றன. அப்படிச் சுருக்கினால் திரை போதும்தான். ஆனால் நம் முன்னோர் அதில் இன்னொருவரையும் சேர்த்து வைத்தார்கள்: வடத்தின் மறுபக்கம் பிடிப்பவர், அதே வரிசையில் தோள் உரசித் தொழுபவர், பந்தியில் பக்கத்து இலைக்காரர். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சில நேரம் அவரைப் பிடிக்காமலும் போகலாம். ஆனாலும் அவர் வராத வாரம், "ஏன் காணோம்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் இருக்கும் வரைதான் ஒரு சமூகம் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நேரலையை நிறுத்தாதீர்கள், போக முடியாதவர்களுக்காக அது ஓடட்டும். கால் நன்றாக இருப்பவர்கள் எழுந்து போங்கள். உங்கள் மதம் எதுவானாலும், அடுத்த திருவிழாவுக்கு, அடுத்த வெள்ளிக்கு, அடுத்த ஞாயிறுக்குப் போங்கள். போனால் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். ஒரு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். திரும்பும் வழியில், வர முடியாத ஒருவரின் கதவைத் தட்டிப் பிரசாதத்தைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

என் அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. ஆடி வீதிக் கூட்டத்தில் நிற்க முடியாது. திருக்கல்யாணத்தை வீட்டில் நேரலையில்தான் பார்க்கிறார். ஆனால் முந்தைய இரவு காய் நறுக்கப் போய்விடுகிறார். அது உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்கிறார்.