"நிறுத்து" என்று சொல்லும் உரிமை



கோடை விடுமுறைக்கு ரிக்கற் தேடின எல்லாருக்கும் விலை தெரியும். அதுக்குப் பல காரணம் உண்டு. அதில ஒன்று, உலகத்தில விமானம் போதாது. 2024 முடிவில், ஓடர் கொடுத்தும் கைக்கு வராத விமானங்கள் சுமார் 17,000 என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்குச் சொன்னது. அப்போது பறந்த விமானங்களின் சராசரி வயது 14.8 வருடம். அதுக்கு முன்பு ஒருபோதும் இவ்வளவு இருந்ததில்லை. பழைய விமானம் எரிபொருளும் கூடக் குடிக்கும், திருத்தவேலையும் கூடக் கேட்கும். அந்தச் செலவு கடைசியில் பயணியின் தலையில்தான் விடியும்.

ஏன் போதாது என்று கேட்டால் "கோவிட்", "உதிரிப்பாகத் தட்டுப்பாடு", "வேலைநிறுத்தம்" என்கிறார்கள். முதல் இரண்டிலும் உண்மை இருக்கு. ஆனால் பெரிய பயணிகள் விமானச் சந்தையை எயார்பஸ்சோடு பங்குபோட்டு வைத்திருக்கும் போயிங்கில் நடந்தது வேறு கதை.

2013 முதல் 2019 வரை போயிங் தன் சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்க 43 பில்லியன் டொலர் செலவழித்தது. பங்கு விலை ஏறும், மேலே இருப்பவர்களுக்கு லாபம். அதே காலத்தில்தான் 737 மக்ஸ் வந்தது. புதிதாக ஒரு விமானம் வடிவமைக்காமல், 1960களின் உடம்பில் பெரிய எஞ்ஜினைப் பூட்டினார்கள். அதனால் மாறிய பறக்கும் தன்மையைச் சரிக்கட்ட எம்காஸ் என்றொரு மென்பொருள். ஒரேயொரு சென்சர் பிழையாகச் சொன்னாலே அது விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளும். அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவில், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில். இரண்டு விபத்திலும் சேர்த்து 346 உயிர்.

விமான நிறுவனங்களும் வெறும் அப்பாவிகள் இல்லை. விமானிகளைச் சிமுலேற்றரில் பழக்குவது செலவு. மக்ஸுக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு ஒரு மில்லியன் டொலர் கழிவு தருவதாக அமெரிக்காவின் சவுத்வெஸ்ற் நிறுவனத்துக்குப் போயிங் எழுதியே கொடுத்திருந்தது. 2017 இல் லயன் எயார் அந்தப் பயிற்சி வேணும் என்று கேட்டபோது, போயிங் ஆட்கள் அவர்களை முட்டாள்கள் என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டு, பேசியே மனசை மாற்றினார்கள். முதலில் விழுந்தது லயன் எயார் விமானம்தான். அதுக்குப் பிறகும், வெளிநாட்டு விமானிகளுக்குப் பயிற்சி போதாது என்ற பேச்சு அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது.

பிறகு 2024 ஜனவரி 5. அலாஸ்கா எயார்லைன்ஸ் மக்ஸ் ஒன்றில், பாவிக்காத கதவின் இடத்தை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்ந்து போனது. அதைப் பிடித்து வைக்கவேண்டிய நாலு போல்ற்றுகளும் பூட்டப்படவே இல்லை. மாதத்துக்கு 38 மக்ஸுக்கு மேல் செய்யக்கூடாது என்று அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது.

இழப்பு எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கோ. அலாஸ்காவுக்குப் போயிங் ஆரம்ப இழப்பீடாக மட்டும் சுமார் 160 மில்லியன் டொலர் கட்டியது. புது விமானங்கள் வராததால் சவுத்வெஸ்ற் நாலு விமான நிலையங்களை விட்டு வெளியேறியது. வருட முடிவுக்குள் சுமார் 2,000 வேலைகளைக் குறைப்பதாகவும் சொன்னது. யுனைற்றட் தன் விமானிகளிடம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் இழப்பீடு உண்டு. ஷிஃப்ற் வெட்டுப்பட்ட தொழிலாளிக்கு அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை. எங்கட ஆக்களில் கனபேர் விமான நிலையங்களில் பெட்டி தூக்கியும் சாப்பாடு ஏற்றியும் உழைக்கிறார்கள். அட்டவணை சுருங்கினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு பதவி இழந்த தலைமை நிர்வாகி டென்னிஸ் மியூலன்பேர்க் சுமார் 62 மில்லியன் டொலரோடு போனார். 2024 செப்டெம்பரில் 33,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதுதான் "விமானங்கள் தாமதமாகும்" என்று எல்லாருக்கும் கவலை வந்தது. அவர்கள் கேட்டதில் ஒன்று, 2014 இல் வேலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போவோம் என்று மிரட்டிப் பறித்த ஓய்வூதியம். 53 நாள் நின்றார்கள். நாலு வருடத்தில் 38 வீதச் சம்பள உயர்வு கிடைத்தது. ஓய்வூதியம் திரும்ப வரவில்லை.

இது சம்பளத்தோடு முடிகிற விஷயம் இல்லை. முதல் விபத்துக்கு நாலு மாதம் முன்பு, ரென்ரன் ஆலையின் மேலாளர் எட் பியர்சன் உற்பத்தியை நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். தொழிலாளர் களைத்துப் போயிருக்கினம், வேலையில் பிழை வருது என்பது அவருடைய கவலை. ஆலை நிற்கவில்லை. மேலாளரின் சொல்லுக்கே இந்தக் கதி என்றால், போல்ற் பூட்டுகிறவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? சங்கத்தின் பலம் இல்லாமல் அவர் "இது வெளியே போகக்கூடாது" என்று துணிந்து சொல்ல முடியாது.

சில தோழர்கள் கேட்பீர்கள்: காசாவில் விழும் குண்டுகளுக்கு வழிகாட்டும் கருவி செய்யிற கம்பனிதானே இது, அதன் தொழிலாளருக்காக நாங்கள் ஏன் நிற்கவேணும்? நியாயமான கேள்வி. ஆயுத ஏற்றுமதிக்கு எதிரான எங்கட போராட்டம் ஒரு அங்குலமும் குறையக்கூடாது. ஆனால் 1974 இல் ஸ்கொட்லாந்தின் ஈஸ்ற் கில்பிரைட்டில், ரோல்ஸ் ரொய்ஸ் தொழிலாளர்கள் பினோசேயின் போர்விமான எஞ்ஜின்களைத் திருத்த மறுத்தார்கள். நாலு வருடம் அந்த எஞ்ஜின்கள் ஆலையை விட்டுப் போகவில்லை. அதைச் செய்தது வெளியில் பதாகை பிடித்தவர்கள் இல்லை. உள்ளே சங்கமாகத் திரண்டிருந்தவர்கள். போல்ற் இல்லாத கதவை மறிப்பதுக்கும் போருக்குப் போகிற எஞ்ஜினை மறிப்பதுக்கும் வேண்டியது ஒரே பலம்தான்.

ஆகவே அடுத்த முறை விமானம் தாமதமாகி, கவுண்டரில் நிற்கிற பிள்ளையைச் சனம் ஏசும்போது, கணக்கை மேலே அனுப்புங்கோ. வீட்டில் விமான நிலையத்தில் வேலை செய்கிறவர் இருந்தால், உங்கட சங்கம் எப்படி, பாதுகாப்பில்லாத வேலையை மறுக்க முடியுமா என்று இந்தக் கிழமை கேட்டுப் பாருங்கோ. கேட்டதை எங்களுக்கும் எழுதுங்கோ.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக