தத்கல் முன்பதிவு: மென்பொருளுக்குத் தடை, முதியோருக்கு வழி எது?

ராபர்ட்சன்பேட்டை: கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பின்னரும் இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் உறவினர் உள்ளனர். துக்கம், நோய் போன்ற அவசர வேளைகளில் பங்காருப்பேட்டையில் ரயிலேறத் தத்கல் பயணச்சீட்டையே அவர்கள் நம்புகின்றனர்.

தத்கல் தொடங்கும் முதல் 5 நிமிடங்களில் உள்நுழைவு முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி மென்பொருள்களால் நிகழ்வதாக 2025 ஜூனில் ரயில்வே தெரிவித்தது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக் கணக்குகள் முடக்கப்பட்டன. இணையவழி தத்கலுக்கு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பும், ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் கட்டாயமாயின. முதல் அரை மணி நேரம் முகவர்கள் முன்பதிவு செய்யவும் தடை விதிக்கப்பட்டது.

ஒருவருக்கு ஓர் ஆதார் என்பதால் போலிக் கணக்குகளைக் குவிப்பது கடினமாகிறது. அதேவேளை, ஆதாரில் பழைய கைபேசி எண்ணை வைத்திருக்கும் முதியவரும் இணையத்தில் தடுக்கப்படுகிறார். முன்பதிவு மையத்தில், பயணி அளிக்கும் எண்ணுக்கே ஓடிபி அனுப்பப்படுகிறது. எனவே அத்தகையோருக்கு எஞ்சும் வழி அதுவே. மையங்களைக் குறைக்காமல் காப்பதும் இச்சீர்திருத்தத்தின் பகுதியாக வேண்டும்.