சுமக்கும் முதுகுக்கும் எல்லை உண்டு

பண்ணைப் பாலத்தையும் புங்குடுதீவுத் தாம்போதியையும் கடந்து லொறியில் வரும் அரிசியும் மாவும் சீமெந்தும் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடுகின்றன. அப்பால் கடல். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்லவேண்டிய பொதிகளைப் படகிலே சேர்ப்பவை நாட்டாமைகளின் தோளும் முதுகுமேயாகும். தீவக மக்களின் வீட்டில் உலை கொதிப்பதும் புதுச்சுவர் எழும்புவதும் அந்த முதுகுகளின் வலிமையினாலேதான். ஆயினும், அம்முதுகு எவ்வளவு தாங்கும் என்று நம்மவர் எவரேனும் கேட்டதுண்டா?

ஒரு சீமெந்துப் பையின் நிறை 50 கிலோ. அமெரிக்காவின் தேசியத் தொழிற் பாதுகாப்பு சுகாதார நிறுவனம் 1991ஆம் ஆண்டிலே திருத்தி வகுத்த கணக்கின்படி, பாரம் உடலோடு ஒட்டியிருந்து, கால் வழுக்காத தரையிலே, இடுப்பைத் திருப்பாமல் தூக்கும்போதுகூடத் தகுந்த எல்லை 23 கிலோ மாத்திரமே. பாரம் உடலைவிட்டு விலகுந்தோறும், இடுப்பு முறுகுந்தோறும் அவ்வெல்லை மேலும் குறைகிறது. இது நெம்புகோலின் நியதி. கைகளை நீட்டிப் பிடித்த பாரத்தைத் தாங்குவதற்கு முதுகின் தசைகள் அதனினும் பன்மடங்கு விசையோடு இழுக்கவேண்டும். அவ்விசை முள்ளெலும்புகளின் நடுவேயுள்ள வட்டுகளை நெரிக்கிறது. அங்ஙனமாயின், அலையில் ஆடும் படகிலே குனிந்தும் திரும்பியும் பொதி இறக்குவோரின் நிலை என்ன?

சட்டம் கைகொடுக்குமெனச் சிலர் எண்ணக்கூடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையின் காரணமாக வேலையின்போது நேரும் விபத்துக்கு ஈடு தருகிறது. பொதி விழுந்து கால் முறிந்தால் அது விபத்து. ஆண்டுக்கணக்காகச் சுமந்து சுமந்து இற்றுப்போன இடுப்புக்கு எந்த நாளை விபத்து நாளென்று காட்டுவது? இன்று ஒரு வியாபாரிக்கும் நாளை இன்னொருவருக்கும் சுமப்பவர், எவரை வேலைகொள்வோரெனப் பெயர் சுட்டுவது? ஆகவே, வந்தபின் வழக்காடுவதிலும் வருமுன் காப்பதே நமக்கு வழி.

"பழகிய தோள், தாங்கும்" என்பாருண்டு. பழக்கம் வலியை மறைக்குமேயன்றி வட்டைக் காக்காது. இத்தாலிய மருத்துவர் ரமசீனி, 1713ஆம் ஆண்டிலேயே, சுமை தூக்குவோருக்கும் எழுதுவோருக்கும் தொழிலால் வரும் நோய்களை ஒரே நூலில் எழுதிவைத்தார். கந்தோரில் நாள் முழுதும் கழுத்தை வளைத்திருக்கும் எழுதுவினைஞருக்கும், குட்டைப்பிடி மண்வெட்டியோடு தோட்டத்திலே குனிந்து நிற்கும் கமக்காரருக்கும், இறங்குதுறைத் தொழிலாளிக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. மனிதனுக்கேற்பத் தொழிலை அமைக்கவேண்டும். தொழிலுக்கேற்ப மனிதனை வளைத்தல் தகாது.

குறிகட்டுவானுக்கு வேண்டியவை மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல. லொறித் தட்டிலிருந்து நேரே தோளுக்கு மாற்ற இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை, துறையின் நீளத்துக்குத் தள்ளுவண்டி, படகுக்கு இறங்கக் குறுக்குச் சட்டம் அறைந்த சாய்பலகை, 50 கிலோப் பொதிக்கு இருவர், இடையிடையே ஓய்வு. இவற்றுள் எதற்கும் கொழும்பின் பெருநிதி வேண்டியதில்லை. வேலணைப் பிரதேச சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் படகு உரிமையாளரும் ஒருங்கிருந்து பேசினால் முடியக்கூடியவையே.

பொதியின் நிறையைக் குறைப்பது அரசாங்கத்தின் கடமை. பிரித்தானியாவிலே சீமெந்து பெரும்பாலும் 25 கிலோப் பைகளிலே விற்கப்படுகிறது. அதனால் அங்கே கட்டடம் எழாமற் போய்விடவில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பொதிக்கணக்கிலே கூலி பெறுபவருக்குப் பொதியைப் பாதியாக்கிக் கூலியையும் பாதியாக்கினால், அவர் இரண்டு பொதிகளை ஒருங்கே சுமந்து பழைய பாரத்துக்கே மீளுவார். இருவர் சுமக்கும்போது கூலியைப் பிளந்தாலும் அதுவே விளைவு. ஆதலின் எவருடைய நாட்கூலியும் குறையாதவாறு கூலிவீதத்தை முதலில் எழுத்திலே உறுதிசெய்தல் வேண்டும். கூலியைக் காக்காத சீர்திருத்தம் முதுகைக் காக்காது.

தொழில் திணைக்களம் தன் அதிகாரிகளைக் குறிகட்டுவானுக்கு அனுப்பி, ஒரு நாள் முழுதும் துறையிலே நின்று பார்க்கச் செய்யவேண்டுமென வற்புறுத்துகிறோம். தீவகத்தின் உணவைச் சுமப்பவர், தம் முதுமையையும் அதற்கு விலையாகக் கொடுக்கவேண்டியவரல்லர்.