நவாபு போனதுக்கு நாம ஏன் அழணும்?

உருது பேசுகிற சமூகத்தை வெள்ளைக்காரன் சீரழிச்சுட்டான் என்று ஒரு ஒப்பாரி ரொம்ப நாளாகக் கேட்கிறது. யாருக்கான ஒப்பாரி என்பதுதான் என் கேள்வி.

1801ல் கர்நாடக நவாபின் ஆட்சியைக் கம்பெனி பிடுங்கியது. எங்கள் விருத்தாசலமும் கம்பெனிச் சீமைக்குள் போனது. 1855ல் நவாபுப் பட்டமும் ஒழிந்தது. ஆனால் கச்சேரிச் சொல் ஒன்றும் ஒழியவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், ஜப்தி, மிராசு எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் பத்திரமாக வச்சுக்கிட்டான். மிராசு மேல்சாதிக்கு, ஜப்தி நமக்கு. ஆளுகிற சொல்லை எடுத்துக்கொண்டவன் பேசுகிற சனத்தைத் தெருவில் விட்டான்.

அப்புறம் மொழிக்கே மதம் பூசினான். 1800ல் கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஒரே பேச்சை இரண்டு எழுத்தில், இரண்டு நடையில் புத்தகமாக்கினார்கள். ஒன்று முஸ்லிமுக்கு, ஒன்று இந்துவுக்கு என்றானது.

பெரிய குடும்பத்து முஸ்லிம்கள் இதை எதிர்த்தார்களா? உருதைக் குலச்சொத்தாக்கிக்கொண்டார்கள். தாழ்ந்த சாதிக்காரன் பி.ஏ., எம்.ஏ. படித்திருந்தாலும் வைஸ்ராய் சபையில் உட்காருவதைக் குடிப்பிறந்தவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்று 1887ல் லக்னோவில் பேசினார் சர் சையத் அகமத் கான். 1901 வங்காள மக்கள்தொகை அறிக்கை, பள்ளிவாசலுக்குள் நுழையவும் பொது அடக்கத்தலத்தில் புதைக்கவும் விடப்படாத 'அர்ஸல்' முஸ்லிம்களைப் பதிந்தது. அம்பேத்கர் அதைப் பாகிஸ்தான் பற்றிய தன் நூலில் எடுத்து வைத்தார். ஒப்பாரி வைப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இங்கே பீங்கான் பட்டறையில் என்னோடு அச்சில் களிமண் கூழ் ஊற்றிய ஒரு அக்கா வீட்டில் தக்னி பேசுவாங்க. கோல்கொண்டாவில் அரசனே கவிதை எழுதிய மொழி அது. படிச்ச உருதுக்காரங்க "இது உருதே இல்ல"ன்னு சிரிப்பாங்களாம். நம்ம தமிழ் மேடையோ அவங்களை அந்நியர்ங்குது. சூளைச் சூட்டில் வெந்தவளுக்கு நவாபும் சொந்தமில்லை, நாமும் சொந்தமில்லையா?

தோழர்களே, மதவாரியாக வெள்ளைக்காரன் போட்ட கோடு 1950 குடியரசுத் தலைவர் ஆணையிலும் நிற்கிறது. பட்டியல் சாதிக் கதவு 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திறந்தது. முஸ்லிம் தலித்துக்கும் கிறித்தவத் தலித்துக்கும் இன்னும் திறக்கல. அழுவதானால் அந்த வாசலில் நின்று அழுவோம். அழுதது போதும் என்றால் சேர்ந்து தட்டுவோம்.